தறிக்கும் தோலுக்கும் உதவும் பாக்டீரியா நொதிகள்

சித்தூர் நகரையொட்டி ஓடும் நீவா ஆறு, தமிழ்நாட்டு எல்லையைக் கடந்ததும் பொன்னை ஆறு என்னும் பெயர் பெற்றுப் பாலாற்றில் கலக்கிறது. சித்தூர்ப் பகுதியிலிருந்து வரும் நகரி ஆறோ கொசஸ்தலை ஆற்றுடன் கூடிப் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. சென்னை நகருக்குக் குடிநீர் தரும் நீர்நிலைகளுள் பூண்டியும் ஒன்றாகும். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய தோல் பதனிடும் ஊர்கள் உள்ளன. நகரி, புத்தூர் வட்டாரங்களில் விசைத்தறிகளும் சாயப்பட்டறைகளும் உள்ளன. ஆகவே, ஒரு தொட்டியில் எதை ஊற்றுகிறோம் என்பது அத்தொழிற்சாலையை மட்டும் பொறுத்த செய்தியன்று. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் மக்களையும் பொறுத்ததாகும்.

இவ்விரு தொழில்களிலும் கடுமையான இரசாயனப் பொருள்களுக்குப் பதிலாகப் பாக்டீரியாக்களிடமிருந்து பெறும் நொதிகளைப் பயன்படுத்தலாம் என்று அடிக்கடி கூறப்படுகிறது. அது உண்மையே. ஆனால், நொதியைப் பயன்படுத்திய மாத்திரத்தில் கழிவுநீர் தூய்மையாகிவிடும் என்று கொள்வது தவறாகும். ஒரு தொழிலில் நொதி கழிவின் சுமையைக் குறைக்கிறது. மற்றொன்றில் வேலையை எளிதாக்குகிறதேயன்றிச் சுமையைப் பெரிதும் குறைப்பதில்லை. இவ்வேறுபாட்டை எவ்வாறு அறிவது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நொதி என்பது யாது?

உயிருள்ள செல்களில் உண்டாகி, இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதமே நொதி. மாற்றம் முடிந்த பின்னும் அது செலவழியாமல் எஞ்சி நின்று மீண்டும் அதே வேலையைச் செய்யவல்லது. 1833இல் பேயன், பெர்சோஸ் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் முளைகட்டிய பார்லியிலிருந்து மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். 1897இல் புக்னர் என்னும் ஜெர்மானியர், உயிருள்ள செல்களே இல்லாத ஈஸ்ட்டுச் சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் எனக் காட்டினார். 1926இல் அமெரிக்கரான சம்னர் ஒரு நொதியைப் படிகமாக்கி, அது புரதமே என நிறுவினார்.

ஒவ்வொரு நொதிக்கும் தனக்குரிய வேலை உண்டு. அமைலேஸ் மாவுப்பொருளை உடைக்கும். பருத்தியின் செல்லுலோஸைத் தொடாது. புரோட்டியேஸ் புரதத்தை உடைக்கும்; மாவுப்பொருளைத் தொடாது. வேண்டாததை மட்டும் நீக்கி, வேண்டியதை விட்டுவைக்கும் இத்தன்மையே தொழிலுக்கு நொதியை உகந்ததாக்குகிறது.

பாக்டீரியாவை நாடுவது ஏன்?

மண்ணில் வாழும் பாசில்லஸ் இனத்துப் பாக்டீரியாவுக்கு வாய் இல்லை. மாவுப்பொருள், புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் அதன் செல் சுவரினுள் நுழையமாட்டா. ஆகவே, அது நொதிகளை வெளியே சுரந்து, உணவை வெளியிலேயே சிறு துண்டுகளாக்கி, பின்னர் உறிஞ்சிக்கொள்கிறது. நொதி வெளியிலேயே கிடைப்பதால் செல்லை உடைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. வளர்ப்பு நீரை வடித்தாலே போதும். மேலும், இவ்வினம் மலிவான உணவில் சில மணி நேரத்திலேயே பெருகக்கூடியது. 1917இல் பாய்டின், எப்ரன்ட் என்போர் பாசில்லஸ் இனத்திலிருந்து அமைலேஸைப் பெற்றுத் துணியிலுள்ள கஞ்சியை நீக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். பாக்டீரியா நொதிகள் பெருந்தொழிலில் இடம்பெற்ற வரலாறு அப்போது தொடங்கியது எனலாம்.

வளர்க்கும் முறை

ஆராய்ச்சிக்குரிய பாக்டீரியாவை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கலாம். மண்ணைத் தூய நீரில் கலக்கிப் பன்மடங்கு நீர்க்கச் செய்து, மாவுப்பொருள் சேர்த்த அகார் தட்டில் பரப்பி வளர்ப்பர். வளர்ந்தபின் தட்டின்மேல் அயோடின் கரைசலை ஊற்றினால், தட்டு முழுவதும் நீலமாகும். அமைலேஸ் சுரக்கும் கூட்டத்தைச் சுற்றி மட்டும் நிறமற்ற வளையம் தோன்றும். புரோட்டியேஸைத் தேடுவோர் கொழுப்பு நீக்கிய பால் கலந்த தட்டைப் பயன்படுத்துவர். அங்கே வெண்மை நீங்கிய தெளிந்த வளையம் காணப்படும். வளையம் பெரிதாயிருப்பது ஓர் அறிகுறியேயன்றி முடிந்த அளவன்று என்பதை மாணவர் நினைவிற் கொள்ள வேண்டும். அடையாளம் உறுதி செய்யப்பட்ட தூய வளர்ப்புகள் வேண்டுவோர், சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1986 முதல் இயங்கிவரும் சேமிப்பகத்திலிருந்து அவற்றைப் பெறுகின்றனர்.

வளர்ப்பு நீரில் மாவுப்பொருளும், தவிடு, பிண்ணாக்கு போன்ற நைட்ரஜன் உணவும், சில உப்புகளும் சேர்க்கப்படும். அதனை 121 டிகிரி சென்டிகிரேடு நீராவியில் குறைந்தது 15 நிமிடம் வைத்து, வேற்றுக் கிருமிகளை அழித்து, ஆறியபின் பாக்டீரியாவை இடுவர். 37 டிகிரியை ஒட்டிய உஷ்ணநிலையில், காற்று நன்கு கலக்குமாறு குலுக்கியோ ஊதியோ, ஒன்று முதல் மூன்று நாள்வரை வளர்ப்பது வழக்கம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சித்தூர்ப் பகுதியில் வெல்லம் ஏராளமாகக் கிடைக்கிறது. வளர்ப்பு நீரில் வெல்லத்தை மிகுதியாகச் சேர்த்தால் பாக்டீரியா செழித்து வளரும். ஆயினும், பல பாசில்லஸ் வகைகளில் அமைலேஸ் சுரப்பது குறைந்துவிடும். உணவு உடைந்த நிலையிலேயே கிடைக்கும்போது, உடைக்கும் கருவியைச் செய்ய வேண்டிய தேவை அதற்கு இல்லாமற் போகிறது. கலங்கிய வளர்ப்பு நீரைக் கண்டு நொதி மிகுந்துள்ளது என முடிவு செய்யலாகாது. செல்லின் வளர்ச்சி வேறு, நொதியின் அளவு வேறு.

அளந்தறிதல்

நொதியை அதன் எடையால் மதிப்பிடுவதில்லை. அது செய்யும் வேலையால் மதிப்பிடுகிறோம். குறித்த உஷ்ணநிலையிலும் அமில காரநிலையிலும் ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றவல்ல நொதியின் அளவு ஓர் அலகு எனப்படும். ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை அலகு என்பது அதன் தனிச்செயல் அளவு.

கற்பனையான கணக்கு ஒன்றைப் பார்ப்போம். வடித்த வளர்ப்பு நீர் 1,000 மில்லிலிட்டர்; மில்லிலிட்டருக்கு 200 அலகு; புரதம் 4 மில்லிகிராம். மொத்தம் 2,00,000 அலகு. 4,000 மில்லிகிராம் புரதம். தனிச்செயல் அளவு 50. இதில் அம்மோனியம் ஸல்பேட் சேர்த்து நொதியை வீழ்படிவாக்கி, 100 மில்லிலிட்டரில் கரைக்கிறோம். இப்போது மில்லிலிட்டருக்கு 1,500 அலகும் 10 மில்லிகிராம் புரதமும் உள்ளன. மொத்தம் 1,50,000 அலகு. 1,000 மில்லிகிராம் புரதம். தனிச்செயல் அளவு 150. அதாவது, தூய்மை மூன்று மடங்காயிற்று. ஆனால் நொதியில் நாலில் ஒரு பங்கு கைவிட்டுப் போயிற்று. நொதியின் இயல்பை ஆராய்பவருக்குத் தூய்மை வேண்டும். தறிக்கும் தோலுக்கும் அவ்வளவு தூய்மை வேண்டுவதில்லை. விலையைக் கூட்டாமல் மிகுந்த அலகு கிடைப்பதே அங்கு முக்கியம்.

அடுத்து அறிய வேண்டியது நிலைப்பு. ஒரு நொதி 60 டிகிரியில் 30 நிமிடத்தில் பாதி வலிமையை இழக்கிறது என்போம். செய்ய வேண்டிய வேலை இரண்டு மணி நேரம் நீடித்தால், நான்கு முறை பாதியாகி, இறுதியில் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். தொடக்கத்தில் அளந்த அலகை மட்டும் நம்பி நொதியை வாங்குபவர் ஏமாற நேரிடுவது இதனாலேயே. குடுவையில் அளந்த வலிமையைத் தொட்டியின் நிலைமையிலும் அளக்க வேண்டும்.

தறியில் அமைலேஸ்

நெய்யும்போது இழுவிசையால் பாவு நூல் அறுந்து போகாதிருக்க அதற்குக் கஞ்சி ஏற்றுகின்றனர். வெளுப்பதற்கும் சாயமேற்றுவதற்கும் முன் அக்கஞ்சியை நீக்கியாக வேண்டும். இல்லையேல் சாயம் திட்டுத் திட்டாகப் படியும். அமிலத்தால் நீக்கலாம், ஆனால் சிறிது மிகுந்தாலும் அமிலம் பருத்தி நூலையே நலிவிக்கும். அமைலேஸ் கஞ்சியை மட்டும் உடைத்து, நூலை விட்டுவிடுகிறது. பாசில்லஸ் சப்டிலிஸ் இனத்தையொட்டிய வகைகளின் அமைலேஸ் 60 முதல் 70 டிகிரியில் நன்கு வேலை செய்யும். பாசில்லஸ் லைக்கெனிபார்மிஸ் தரும் அமைலேஸ் 90 டிகிரியையும் தாங்கும். நீரில் சிறிதளவு கால்சியம் இருப்பது இவற்றின் நிலைப்புக்கு உதவும்.

களப்பணியாளர் பட்டறையிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. கஞ்சி நீக்கிய துணியின் ஓரத்தில் நீர்த்த அயோடின் கரைசலைச் சொட்டு விட வேண்டும். ஆழ்ந்த நீலம் தோன்றினால் கஞ்சி எஞ்சியுள்ளது. செவ்வூதா நிறம் பாதி உடைந்த நிலையைக் காட்டும். அயோடினின் மஞ்சள் நிறமே நின்றால் கஞ்சி நீங்கிவிட்டது. மற்றொன்றையும் கேட்டறிய வேண்டும். பாவுக்கு ஏற்றியது மாவுக் கஞ்சியா, பாலிவினைல் ஆல்கஹால் போன்ற செயற்கைப் பசையா? செயற்கைப் பசையின்மேல் அமைலேஸ் சிறிதும் வேலை செய்யாது.

இனிக் கழிவைக் கவனிப்போம். 100 கிலோ துணியில் 10 கிலோ கஞ்சி இருந்தால், நொதி அதனை மறையச் செய்வதில்லை. ஏறக்குறைய அதே 10 கிலோவைக் கரையும் சர்க்கரைகளாக மாற்றி நீரில் விடுகிறது. அச்சர்க்கரையை உண்ணும் நுண்ணுயிர்கள் ஆற்று நீரின் பிராணவாயுவைச் செலவழித்துவிடும். இதனை அளப்பதே உயிர்வழிப் பிராணவாயுத் தேவை என்னும் கணக்கு. நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து இதனை அளக்கிறோம்; ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. ஆகவே, அமைலேஸைப் பயன்படுத்தும் பட்டறை அமிலச் செலவையும் துணிச்சேதத்தையும் தவிர்க்கிறது. ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கடமையினின்று விடுபடுவதில்லை.

தோலில் புரோட்டியேஸ்

தோலைப் பதனிடுமுன் அதிலுள்ள உரோமத்தை நீக்க வேண்டும். சுண்ணாம்பையும் சோடியம் ஸல்பைடையும் சேர்த்த தொட்டியில் தோலை ஊறவைப்பது நெடுநாளைய வழக்கம். ஸல்பைடு, உரோமத்தின் கெராட்டின் என்னும் புரதத்தைக் கூழாகக் கரைத்துவிடுகிறது. அக்கூழும் ஸல்பைடும் கழிவுநீரில் சேர்கின்றன. அந்நீர் அமிலக் கழிவுடன் கலந்தால் ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் நச்சுவாயு வெளிப்படும். காற்றோட்டமற்ற தொட்டியில் இறங்குவோரின் உயிருக்கே அது ஆபத்தாகும். தோல் தொழிற்சாலைகளால் பாலாற்றுப் படுகைக்கு நேர்ந்த கேட்டினை முன்னிட்டு, வேலூர் மக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. கேடு விளைவித்தவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை அத்தீர்ப்பு வலியுறுத்தியது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து பத்துப் பேர் மாண்டனர். கழிவின் அளவைக் குறைப்பது எவ்வளவு அவசியம் என்பதை இவை உணர்த்துகின்றன.

நொதி முறை வேறு வழியிற் செல்கிறது. புரோட்டியேஸ் உரோமத்தைக் கரைப்பதில்லை. உரோமத்தின் வேரைப் பற்றியிருக்கும் மென்புரதங்களை உடைக்கிறது. வேர் தளர்ந்து உரோமம் முழுதாகக் கழன்று வருகிறது. அதனை வலையால் வடித்து அகற்றிவிடலாம். ஆகவே கழிவுநீரிற் கரையும் புரதம் குறைகிறது, ஸல்பைடும் குறைகிறது. தறியில் காணாத நன்மையை இங்கே காண்கிறோம். 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் நெடுங்காலமாக ஆராய்ச்சி நடத்திவருகிறது.

அவ்வாறாயின் எல்லாத் தொழிற்சாலைகளும் ஸல்பைடைக் கைவிடாதது ஏன்? தோலின் உடலே கொல்லாஜன் என்னும் புரதந்தான். நொதியின் அளவோ நேரமோ உஷ்ணமோ மிகுந்தால், தோலின் மேற்பரப்பு அரிக்கப்பட்டுத் தழும்பு விழும், அத்தோல் விலைபோகாது. குறைந்தால், நுண்ணிய உரோமங்கள் எஞ்சி நிற்கும். சுண்ணாம்பு நீரின் காரநிலை 12ஐ ஒட்டியிருப்பதால் சாதாரணப் புரோட்டியேஸ் அங்கு நிலைக்காது. காரநிலை 9 முதல் 11 வரை தாங்கவல்ல வகை வேண்டும், அல்லது சுண்ணாம்பின் அளவைக் குறைக்க வேண்டும். விலையும் தடையாகிறது. இக்காரணங்களால் பல இடங்களில் நொதியுடன் குறைந்த அளவு ஸல்பைடைச் சேர்க்கும் இடைவழியே பின்பற்றப்படுகிறது. கொல்லாஜனைத் தொடாத, காரநிலையில் நிலைக்கும், மலிவான புரோட்டியேஸைத் தேடுவதே ஆராய்ச்சியாளர் முன்னுள்ள பணி.

தோலைச் சுண்ணாம்பு போக்கி மென்மையாக்கும் அடுத்த கட்டத்தில் நொதியின் வெற்றி ஐயத்துக்கு இடமற்றது. முற்காலத்தில் இதற்கு நாய், புறா முதலியவற்றின் எச்சத்தை நீரிற் கரைத்துப் பயன்படுத்தினர். 1907ஐ ஒட்டி ஓட்டோ ரோம் என்னும் ஜெர்மானியர், கணையத்திலிருந்து பெற்ற நொதிகளால் அவ்வேலையைச் செய்யலாம் எனக் கண்டார். பின்னர்ப் பாக்டீரியா புரோட்டியேஸ்களும் இங்கு இடம்பெற்றன. காரநிலை 8ஐ ஒட்டியும், உஷ்ணம் 35 முதல் 37 டிகிரி வரையும் இருப்பதால், இக்கட்டத்தில் நொதி தன் முழு வலிமையுடன் வேலை செய்ய முடிகிறது.

மாங்கூழ் தரும் பாடம்

சித்தூர் வட்டாரத்தில் பெங்களூரா மாம்பழத்திலிருந்து கூழ் எடுக்கும் தொழிற்சாலைகள் பல உள்ளன. கூழைத் தெளிந்த சாறாக்க வேண்டுமானால் பெக்டினேஸ் என்னும் நொதி தேவை. ஆயினும் இங்குப் பாக்டீரியாவை நாடுவதில்லை. பழக்கூழ் அமிலத் தன்மையுடையது. அந்நிலையில் வேலை செய்வது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சணம் தரும் பெக்டினேஸே. பாக்டீரியா தரும் காரநிலைப் பெக்டினேஸோ, பருத்தி நூலைத் தூய்மை செய்வதற்கும் நார் பிரிப்பதற்கும் உகந்தது. பெயர் ஒன்றாயினும் வேலைக்களம் வேறு. நொதியைத் தேர்ந்தெடுக்குமுன் வேலைக்களத்தை அறிதல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

பாக்டீரியா வளர்ப்புக்குரிய வசதியும் பாதுகாப்பும் பல்கலைக் கழக ஆய்வுக்கூடங்களுக்கே உரியவை. திருப்பதியில் 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக் கழகம் போன்ற இடங்களில் மாணவர் அவற்றைப் பயிலலாம். பள்ளியில் அறியாத கிருமிகளை வளர்க்கலாகாது. அதே தத்துவத்தை வீட்டுக் கேழ்வரகால் விளக்கலாம்.

கேழ்வரகை ஒரு நாள் ஊறவைத்து இரண்டு நாள் முளைகட்டி, நீர் சேர்த்து அரைத்து, துணியில் வடித்துத் தெளியவைக்க வேண்டும். மரவள்ளி மாவில் ஒரு கரண்டியை ஒரு குவளை நீரில் காய்ச்சி ஆறவைத்து, நான்கு குழாய்களில் சமமாக ஊற்றுக. முதற் குழாயில் வெறும் நீர். இரண்டாவதில் கேழ்வரகுத் தெளிவு. மூன்றாவதில் அதே தெளிவு, குழாய் மட்டும் 60 டிகிரி வெந்நீரில் நிற்க வேண்டும். நான்காவதில் கொதிக்கவைத்து ஆற்றிய தெளிவு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, வெள்ளை ஓட்டின்மேல் வைத்த அயோடின் சொட்டுடன் சேர்த்து, நீலம் மறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். முதல், நான்காம் குழாய்களில் நீலம் மறையாது. இரண்டாவதையும் மூன்றாவதையும் மாணவர் தாமே ஒப்பிடட்டும். தெளிவிலேயே தானிய மாவு கலந்திருக்கலாம். ஆகையால் தெளிவை மட்டும் தனியே அயோடினால் சோதித்துக்கொள்வது நன்று.

ஓர் எச்சரிக்கை

நொதிகள் இயற்கைப் பொருள்கள் என்பதால் தீங்கற்றவை எனக் கருதலாகாது. சலவைத்தூளில் பாக்டீரியா புரோட்டியேஸைச் சேர்க்கத் தொடங்கியபின், அத்தூளைச் சுவாசித்த தொழிலாளர் சிலருக்கு ஆஸ்துமா போன்ற மூச்சுநோய் உண்டானதை 1969இல் இங்கிலாந்து மருத்துவர் எடுத்துக்காட்டினர். அதன்பின் நொதியைத் தூசு பறவாத மணிகளாக்கும் முறை ஏற்பட்டது. நொதித் தூளைக் கையாள்வோர் மூக்கையும் வாயையும் மூடும் கவசமும் கையுறையும் அணிதல் வேண்டும்.

முடிவாக, எந்த நொதியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுவோம். அது தொட்டியின் உஷ்ணத்திலும் காரநிலையிலும் நிலைக்குமா? வேண்டாததை மட்டும் உடைத்து, வேண்டியதை விடுமா? உடைந்தது எங்கே போகிறது? மூன்றாம் வினாவுக்குரிய விடையே பாலாற்றுக்கும் பூண்டிக்கும் உரிய விடையாகும்.

பயிற்சி

1. வளர்ப்பு நீரில் வெல்லம் மிகுந்தால் அமைலேஸ் குறைவது ஏன்?

2. ஒரு நொதி 20 நிமிடத்தில் பாதி வலிமை இழக்கிறது. ஒரு மணி நேரத்துக்குப் பின் எத்தனை பங்கு எஞ்சும்?

3. கஞ்சி நீக்கலில் குறையாத கழிவுச் சுமை, உரோமம் நீக்கலில் குறைவது எவ்வாறு?

4. உங்கள் ஊரில் நொதியைப் பயன்படுத்தத்தக்க ஒரு தொழிலைக் குறிப்பிட்டு, மேற்கூறிய மூன்று வினாக்களுக்கும் விடை எழுதுக.